அடுத்த சரிவில் சொகுசுக் கப்பல் கம்பெனி பங்கு வாங்கலாமா?

2020 ஏப்ரலில் கார்னிவல் என்ற சொகுசுக் கப்பல் கம்பெனியின் பங்கு 8 டாலருக்குக் கிடைத்தது, அன்றைக்கு வாங்கியவர்கள் எங்கேயோ போய்விட்டார்கள், அடுத்த முறை பயணத் துறை படுக்கும்போது வாங்கிப்போட 5 லட்சம் ரூபாய் தனியாக எடுத்து வைத்திருக்கிறேன், இது சரியான யோசனையா என்று கேட்டிருக்கிறீர்கள். கூடவே, 100 பங்கு வைத்திருந்தால் கப்பலில் செலவுக்குக் காசு தருவார்களாமே என்றும். இரண்டாவது கேள்விக்குக் கடைசியில் வருகிறேன். முதல் கேள்வியை இரண்டு தடவை படித்ததில் எனக்குப் பட்டது இது: மக்கள் மறுபடியும் கப்பல் ஏறுவார்களா என்ற சந்தேகம் உங்களுக்கு இல்லை, ஏறுவார்கள் என்று முடிவே கட்டிவிட்டீர்கள். அது பெரும்பாலும் சரிதான். நீங்கள் கேட்காமல் விட்டது, அவர்கள் திரும்பி வருகிற நாள் வரைக்கும் அந்தக் கம்பெனியில் உங்கள் பங்கு எவ்வளவு மிச்சமிருக்கும் என்பது. இந்தத் துறையில் பணம் போனவர்களில் நிறைய பேருக்குக் கை நழுவிய இடம் அதுதான்.

நான் யார் என்று சொல்லிவிடுகிறேன். சென்னையில் உட்கார்ந்துகொண்டு வெளிநாட்டு ஃபண்டுகளுக்காகக் கம்பெனிகளின் கடன் பத்திரங்களை அலசுகிற வேலை, 17 வருடமாக. ஹோட்டல், விமானம், கப்பல் மூன்றும் என் மேஜையில்தான் வந்து விழும். பங்கு ஆலோசகன் கிடையாது, பங்குச் சந்தையைக் கண்காணிக்கும் செபியின் பதிவும் கிடையாது. கடன் கொடுத்தவனின் பக்கத்தில் உட்கார்ந்தே பழகியதால் என் பார்வை கொஞ்சம் கோணலாக இருக்கும், அதைக் கழித்துக்கொண்டு படியுங்கள்.

சரி, 2020க்கு வருவோம். பிப்ரவரியில் ஜப்பானின் யோகோஹாமா துறைமுகத்தில் டயமண்ட் பிரின்சஸ் கப்பல் 3,700 பேரோடு முடக்கப்பட்டது, 700 பேருக்கு மேல் தொற்று. அது கார்னிவல் குழுமத்துக் கப்பல். மார்ச் 14ஆம் தேதி அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் கப்பல் ஓட்டக்கூடாது என்று உத்தரவு போட்டது. அதற்கப்புறம் அமெரிக்கத் துறைமுகத்திலிருந்து காசு கொடுத்த பயணிகளோடு ஒரு பெரிய கப்பல் கிளம்ப 2021 ஜூன் 26 ஆயிற்று, செலிப்ரிட்டி எட்ஜ், ஃபோர்ட் லாடர்டேலிலிருந்து. ஏறக்குறைய 15 மாதம் கல்லாப் பெட்டியில் பெரிதாக ஒன்றும் விழவில்லை. ஹோட்டலாக இருந்தால் பூட்டிவிட்டு வாட்ச்மேன் ஒருவரை வைத்துவிடலாம். கப்பலை அப்படி விடமுடியாது, கடலில் நங்கூரம் போட்டு நிறுத்தினாலும் ஜெனரேட்டர் ஓடவேண்டும், ஆள் இருக்கவேண்டும், காப்பீடு கட்டவேண்டும். 2020இன் பின்பாதியில் மாதம் சராசரியாக 65 கோடி டாலர் கரையும் என்று கார்னிவலே முதலீட்டாளர்களுக்கு எழுதியது.

போதாக்குறைக்கு முன்பணம். இந்தத் தொழிலின் அழகே கல்யாண மண்டபத்துக்கு அட்வான்ஸ் வாங்குவது போல, ஆறு மாதம் ஒரு வருடம் முன்னாடியே பயணியின் காசை வாங்கி வைத்துக்கொள்வதுதான். 2019 இறுதியில் கார்னிவலின் கையில் அப்படி 470 கோடி டாலர் இருந்தது. நல்ல காலத்தில் அது வட்டியில்லாக் கடன். கெட்ட காலத்தில் அத்தனை பேரும் ஒரே வாரத்தில் ரசீதோடு வந்து நிற்பார்கள். காசாகத் திருப்பிக் கேட்காதீர்கள், கட்டியதற்கு 125 சதவீதம் மதிப்பில் அடுத்த பயணத்துக்கு வரவு வைக்கிறோம் என்று கம்பெனிகள் கெஞ்சியது அதனால்தான்.

அரசு கை கொடுக்கவில்லையா என்று கேட்பீர்கள். விமான நிறுவனங்களுக்குக் கொடுத்தது. கப்பல் கம்பெனிகளுக்குக் கிடைக்கவில்லை. அப்போது கார்னிவல் பதிவாகியிருந்தது பனாமாவில், இந்தத் துறையின் மற்ற இரண்டு பெரிய கம்பெனிகளான ராயல் கரீபியன் லைபீரியாவில், நார்வீஜியன் பெர்முடாவில். தலைமை அலுவலகம் மயாமியில் இருந்தாலும் காகிதத்தில் வெளிநாட்டுக் கம்பெனி, அந்தக் காகிதத்தின் புண்ணியத்தில் பல வருடம் அமெரிக்காவுக்கு வருமான வரி என்று பெரிதாக எதுவும் கட்டாமல் ஓட்டியிருந்தார்கள். ஆகவே அமெரிக்காவின் கொரோனா நிவாரணச் சட்டத்தின் பெரிய கடன் திட்டத்துக்குத் தகுதி இல்லாமல் போயிற்று. இதைக் குறித்துக்கொள்ளுங்கள், அடுத்த சரிவிலும் இந்த மூன்றும் அமெரிக்கக் கம்பெனிகளாக மாறியிருக்கும் என்று நம்பாதீர்கள். 2025 பிப்ரவரியில் அமெரிக்க வர்த்தகச் செயலர் லட்னிக் இந்தக் கப்பல்களை வரிக்குள் கொண்டுவருவோம் என்கிற தொனியில் டிவியில் ஒரு வாக்கியம் பேசினார், மறுநாள் மூன்று பங்கும் சேர்ந்து சரிந்தன.

அப்படியானால் எப்படிப் பிழைத்தார்கள்? கடன் வாங்கித்தான். 2020 ஏப்ரல் தொடக்கத்தில் கார்னிவல் ஒரே வாரத்தில் மூன்று கதவைத் தட்டியது. 400 கோடி டாலருக்கு 11.5 சதவீத வட்டியில் கடன் பத்திரம், கப்பல்களையே அடகு எழுதிக்கொடுத்து. பிறகு, பங்காக மாற்றிக்கொள்ளக்கூடிய பத்திரம், ஒரு பங்குக்கு 10 டாலர் என்ற கணக்கில். மூன்றாவது, 8 டாலருக்குப் புதிய பங்கு. நீங்கள் சொல்கிற அந்த 8 டாலர் இதுதான். சில மாதம் முன்பு, ஜனவரியில், அதே பங்கு 51 டாலரை ஒட்டி இருந்தது. 51 டாலர் சொத்தை 8 டாலருக்கு விற்கிற நிலைமைக்கு வந்தது கம்பெனிதான், அந்த விற்பனையில் இளைத்துப் போனவர்கள் பழைய பங்குதாரர்கள். ராயல் கரீபியனும் மே மாதம் 11 சதவீதத்தை ஒட்டிய வட்டிக்கு 330 கோடி டாலர் எடுத்தது. நார்வீஜியனோ தொடர்ந்து நடத்தமுடியுமா என்பதே சந்தேகம் என்று தன் அறிக்கையிலேயே எழுதிவிட்டு, அதே வாரத்தில் 200 கோடிக்கு மேல் திரட்டியது. இதில் சத்தம் போடாத ஒரு உதவியும் உண்டு. கப்பல் கட்டும் தளங்கள் இருக்கிற நாடுகளின் ஏற்றுமதிக் கடன் அமைப்புகள், இத்தாலியின் சாச்சே போல, ஒரு வருடத்துக்கு அசலைக் கட்டவேண்டாம் என்று தள்ளி வைத்தன. கட்டிக்கொண்டிருந்த கப்பல் கைவிடப்பட்டால் அவர்கள் ஊர் தொழிலாளிக்கும்தான் வேலை போகும்.

இங்கே என் தப்பு ஒன்றை ஒப்புக்கொள்ளவேண்டும். 2020 மார்ச் கடைசியில் வீட்டுச் சாப்பாட்டு மேஜையில் லேப்டாப்பை வைத்துக்கொண்டு மூன்று கம்பெனிக்கும் எத்தனை மாதத்துக்குக் காசு வரும் என்று எக்செல் போட்டேன். ஒன்றுக்கு ஆறு மாதம் என்று வந்தது, பங்கின் மதிப்பு பூஜ்யத்துக்குப் போக நிறைய வாய்ப்பு என்று வாடிக்கையாளருக்கு எழுதினேன். கணக்கில் கூட்டல் கழித்தல் பிழை எதுவும் இல்லை. கடன் சந்தை மூடிவிட்டது என்று நான் வைத்துக்கொண்டதுதான் பிழை. அமெரிக்க மத்திய வங்கி மார்ச் 23ஆம் தேதி கம்பெனிக் கடன் பத்திரங்களை வாங்குவோம் என்று அறிவித்த பிறகு, 11.5 சதவீதம் தருகிறாயா, இந்தா பணம் என்று வரிசையில் நின்றார்கள். விலை கொடுத்தால் பணம் கிடைக்கும் என்பதை, விலையையே எடைபோடுகிற வேலையில் இருந்துகொண்டு மறந்திருக்கிறேன். அப்புறம் அதற்குப் பரிகாரமாக 2021 ஜூனில் தடுப்பூசி உற்சாகத்தில் இந்த மூன்றில் ஒன்றை என் சொந்தக் காசில் வாங்கி, அடுத்த வருடம் பாதிக்கும் குறைவாக விற்றேன். பயப்படவேண்டாத இடத்தில் பயந்தேன், பயப்படவேண்டிய இடத்தில் துணிந்தேன்.

2021இல் வாங்கியது ஏன் தப்பு? கப்பல்கள் கிளம்பிவிட்டன, டிக்கெட் விற்கிறது, ஆனால் முடக்கக் காலத்துக் கடன் முதுகில் உட்கார்ந்திருக்கிறது. கார்னிவலின் கணக்கைப் பாருங்கள். 2019இல் 299 கோடி டாலர் லாபம். 2020இல் 1,020 கோடி நஷ்டம், 2021இல் 950 கோடி, 2022இல் 610 கோடி. மூன்று வருடத்தில் எட்டரை வருட லாபம் கரைந்தது. கடன் 1,150 கோடியிலிருந்து உச்சத்தில் 3,500 கோடிக்கு மேல். வட்டி மட்டும் 2019இல் 20 கோடியாக இருந்தது 2023இல் 200 கோடியைத் தாண்டியது, பத்து மடங்கு. 2023இல் வருமானம் 2,160 கோடி, அதாவது கொரோனாவுக்கு முந்தைய 2,080 கோடியைவிட அதிகம். கப்பல் நிரம்பி வழிகிறது, விற்பனை சாதனை, ஆனாலும் அந்த வருடம் சின்ன நஷ்டம். கூட்டம் திரும்பி வந்தது உண்மை, அது கொண்டுவந்த காசு வட்டிக்காரன் வீட்டுக்குப் போயிற்று.

பங்கு எண்ணிக்கையும் ஊதிவிட்டது. சுமார் 68 கோடி பங்கு இருந்தது 126 கோடி ஆயிற்று, பிறகு 130 கோடி. 2019இல் உங்களிடம் கம்பெனியின் நூறில் ஒரு பங்கு இருந்திருந்தால், நீங்கள் ஒன்றுமே விற்காமல் அது அரையாகியிருக்கும். நான் ஜூனியர்களுக்குக் காட்டுகிற ஒரு கணக்கு உண்டு. 2020 ஜனவரியில் பங்கு விலை 51, பங்குகளின் மொத்த மதிப்பு 3,500 கோடி, கடன் 1,150 கோடி, ஆக முழுக் கம்பெனியும் சுமார் 4,600 கோடி டாலர். 2024 இறுதியில் பங்கு விலை 25, மொத்த மதிப்பு சுமார் 3,300 கோடி, கடன் 2,750 கோடி, ஆக சுமார் 6,000 கோடி. கம்பெனி முன்னைவிட அதிக விலைக்குப் போகிறது, பங்கு பாதி விலையில் நிற்கிறது! 51க்கு மறுபடி போகும், பழைய விலைதானே என்று சார்ட்டைக் காட்டிப் பேசுகிறவர்களிடம் இந்த இரண்டு வரியைக் காட்டுங்கள். கல்யாணப் பந்தியில் கடன் கொடுத்தவர்கள் முதல் வரிசை, பங்குதாரர் கடைசிப் பந்தி. சாப்பாடு மீதமிருந்தால் பாயசம்வரை கிடைக்கும், இல்லாவிட்டால் ரசத்தோடு எழுந்திருக்கவேண்டியதுதான்.

இப்போது உங்கள் 8 டாலர் ஆசாமியைப் பார்ப்போம். 2020 ஏப்ரலில் 8க்கு வாங்கினான், 2021 ஜூனில் 31 வரை பார்த்தான், விற்கவில்லை. 2022 அக்டோபரில் 6 டாலரை ஒட்டி வந்தது. ஆமாம், கொரோனா அடிமட்டத்துக்கும் கீழே, அதுவும் கப்பல்கள் எல்லாம் ஓடிக்கொண்டிருந்தபோது, ஏனென்றால் அப்போதைய பயம் வட்டி விகிதம் பற்றியது. இரண்டரை வருடம் கழித்து வாங்கிய விலைக்கும் கீழே நிற்கிற பங்கை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்க எத்தனை பேருக்கு நெஞ்சு இருக்கும்? இருந்தவனுக்கு 2024 இறுதியில் 25 டாலர், மூன்று மடங்குக்குக் கொஞ்சம் மேல். நல்ல லாபம்தான். ஆனால் அதே 2020 ஏப்ரல் தொடக்கத்தில் ஒன்றும் யோசிக்காமல், அமெரிக்காவின் 500 பெரிய கம்பெனிகளை மொத்தமாகப் பின்பற்றும் எஸ் அண்ட் பி 500 குறியீட்டு ஃபண்ட் வாங்கியவனுக்கு, 2,500 புள்ளியிலிருந்து 5,880, டிவிடெண்டையும் சேர்த்தால் ஏறக்குறைய இரண்டரை மடங்கு. அடிமட்டத்தை அச்சு அசலாகப் பிடித்தவனுக்கும், ராத்திரி நிம்மதியாகத் தூங்கியவனுக்கும் இடையே இருந்த வித்தியாசம் அவ்வளவுதான். இரண்டு மாதம் தள்ளி, ஜூன் 8ஆம் தேதி வாக்கில் 25 டாலருக்கு வாங்கியவனுக்கு நாலரை வருடத்தில் ஒன்றும் கிடைக்கவில்லை. அவனும் சரிவில்தான் வாங்கினான்.

உடனே ராயல் கரீபியன் என்பீர்கள். நியாயம். 20 டாலரை ஒட்டி விழுந்தது 2024 இறுதியில் 230, பத்து மடங்குக்கும் மேல், பழைய உச்சமான 135ஐயும் எப்போதோ தாண்டிவிட்டது. நார்வீஜியன் 7க்கு வந்து 25க்குப் போயிற்று, அதன் பழைய விலையோ 59. மூன்றும் ஒரே கடல், ஒரே புயல், ஒரே நாள் தடை. ஏன் இந்த வித்தியாசம்? ராயல் பங்கு எண்ணிக்கையை அவ்வளவாகப் பெருக்கவில்லை, சுமார் 21 கோடியிலிருந்து 26, 27 கோடி. கப்பல்கள் புதியவை, பெரியவை. பஹாமாஸில் கோகோகே என்ற சொந்தத் தீவில் 25 கோடி டாலர் போட்டு 2019இல்தான் திறந்திருந்தார்கள், அங்கே பயணி செலவழிக்கிற ஒவ்வொரு டாலரும் அவர்களுக்கே. இதெல்லாம் உறுதியாகச் சொல்லமுடியும். ஆனால் 2020 மார்ச்சில் இதை வைத்து ராயல்தான் ஜெயிக்கும் என்று சொல்லியிருக்க முடியுமா என்றால், எனக்குச் சந்தேகம். சரிவுக்கு முன்பு மூன்றில் கடனைத் திருப்பிக் கட்டும் திறனுக்கான தரமதிப்பு உயர்ந்தது கார்னிவல், எஸ் அண்ட் பி என்ற தரமதிப்பு நிறுவனம் கொடுத்தது ஏ மைனஸ். ராயல் அதைவிடப் பல படி கீழே, பிபிபி மைனஸ். பத்திரமான கம்பெனியை எடு என்று என்னைக் கேட்டிருந்தால் கார்னிவல் என்றுதான் சொல்லியிருப்பேன். நடந்து முடிந்த பிறகு காரணம் சொல்வது சுலபம், என்னையும் சேர்த்து.

மூன்றும் பிழைத்ததால் இந்தத் துறையில் யாரும் சாகமாட்டார்கள் என்று நினைத்துவிடாதீர்கள். ஜெண்டிங் ஹாங்காங் என்று ஒரு கம்பெனி. சிங்கப்பூர், மலேசியா போய்வந்தவர்களுக்கு ஸ்டார் க்ரூஸஸ் என்றால் உடனே தெரியும், அதன் தாய்க் கம்பெனி. ஜெர்மனியில் கப்பல் கட்டும் தளங்களையே வாங்கி, குளோபல் ட்ரீம் என்று ஒரு பிரம்மாண்டத்தைக் கட்டிக்கொண்டிருந்தார்கள். 2020இல் 170 கோடி டாலர் நஷ்டம். 2022 ஜனவரியில் அந்தத் தளம் நொடித்தது, அதே மாதம் கம்பெனி பெர்முடா நீதிமன்றத்தில் கலைப்பு அதிகாரி கேட்டு மனுப் போட்டது, பங்கு வர்த்தகம் நின்றது. பாதி கட்டியிருந்த கப்பலை அந்த வருடக் கடைசியில் டிஸ்னி வாங்கிக்கொண்டது. கப்பலுக்கு வாழ்வு வந்தது, பங்கை வைத்திருந்தவர்களுக்கு வரவில்லை. நம் ஊரிலும் ஒன்று, 2019இல் மும்பையிலிருந்து கர்ணிகா என்ற கப்பலோடு ஜலேஷ் க்ரூஸஸ் தொடங்கியது, 2020 முடிவதற்குள் கர்ணிகா அலங்கில் உடைக்கப் போய்விட்டது. 2001 செப்டம்பர் தாக்குதலுக்குப் பிறகும் ரினையசன்ஸ் க்ரூஸஸ் இரண்டே வாரத்தில் திவால் ஆயிற்று. பிழைத்தவர்களின் சார்ட் மட்டும்தான் நம் போனில் தெரிகிறது.

இனி உங்களுக்கு உபயோகமான பகுதி. சரிவு என்று நாம் ஒரே பெயரில் சொன்னாலும் அது இரண்டு வகை, இந்த வித்தியாசம்தான் என் பதிலில் நான் அதிகம் நம்புகிற விஷயம். 2008, 2009இல் நடந்தது முதல் வகை. மக்களிடம் காசு இல்லை, ஆனால் கப்பல் ஓடிக்கொண்டிருந்தது. கம்பெனிகள் விலையைக் குறைத்தன, கப்பல் நிரம்பியது. இந்தத் துறையில் ஒரு அறைக்கு இரண்டு பேர் என்றுதான் கணக்கு, மூன்றாவதாக ஒரு பிள்ளை படுத்தால் 100க்கு மேல் போகும், 2009இலும் ராயல் கரீபியனின் நிரப்பு விகிதம் 100 சதவீதத்துக்கு மேலேதான். அந்த வருடமும் 16 கோடி டாலர் லாபம் காட்டியது. ஆனால் பங்கு 40 சொச்சத்திலிருந்து 6 டாலர் அளவுக்கு விழுந்திருந்தது. 2010 இறுதிக்குள் 40ஐத் தாண்டிவிட்டது, பங்கு எண்ணிக்கை ஏறக்குறைய அப்படியே, 21 கோடி சொச்சம். அதாவது விலை விழுந்தது, பங்கின் அளவு சுருங்கவில்லை. இரண்டாவது வகை 2020, வருமானமே நின்றுபோவது. அங்கே விலையும் விழும், பங்கும் சுருங்கும். முதல் வகையில் அடிமட்டத்துக்குப் பக்கத்தில் வாங்குவது அபாயம் இருந்தாலும் நியாயமான முதலீடு. இரண்டாவது வகையில் அது சீட்டாட்டத்துக்குப் பக்கத்தில், ஏனென்றால் எத்தனை மாதம் என்பதைக் கம்பெனி முடிவு செய்வதில்லை.

அடுத்த சரிவு எந்த வகை என்று எனக்குத் தெரியாது, யாருக்கும் தெரியாது. ஆனால் அது வரும்போது எந்த வகை என்று கண்டுபிடிப்பது கஷ்டமில்லை. கப்பல் ஓடுகிறதா, டிக்கெட் விலைதான் குறைகிறதா என்று பாருங்கள். காலாண்டு அறிக்கையில் வாடிக்கையாளர் முன்பணம் என்ற வரி ஏறுகிறதா இறங்குகிறதா பாருங்கள், லாபக் கணக்குக்கு முன்னாடியே அது பேசிவிடும். அடுத்த இரண்டு வருடத்தில் எவ்வளவு கடன் முதிர்கிறது என்று அதிலேயே அட்டவணை இருக்கும், கையிருப்போடு ஒப்பிடுங்கள். ஆர்டர் கொடுத்த கப்பல்கள் எத்தனை என்றும் பாருங்கள். வழக்கமாகக் கப்பல் விலையில் சுமார் ஐந்தில் ஒரு பங்கு முன்னாடி கட்டி, மீதி நான்கு பங்கை டெலிவரி அன்று கடன் போட்டு எடுப்பார்கள், மந்தம் வந்தாலும் தளத்தில் ஏற்றிய கப்பல் வந்தே தீரும். எரிபொருள் பற்றி ஒரு வார்த்தை: கார்னிவல் எண்ணெய் விலையை முன்கூட்டி ஒப்பந்தம் போட்டுப் பூட்டிவைப்பதில்லை, மற்ற இரண்டும் ஓரளவு பூட்டும். ஆக எண்ணெய் விலை குறைகிற மந்தத்தில் கார்னிவலுக்கு ஒரு சின்ன ஆறுதல் உண்டு. இதை வைத்துப் பெரிதாக முடிவெடுக்காதீர்கள்.

இன்னொன்றையும் கவனியுங்கள். 2020 நவம்பர் 9, ஃபைசர் தடுப்பூசி பலிக்கிறது என்ற செய்தி வந்தது, கார்னிவல் ஒரே நாளில் 39 சதவீதம் ஏறியது. அன்றைக்கு உள்ளே இல்லாதவன் விட்டான். ஆனால் அடுத்த நாளே கம்பெனி என்ன செய்தது தெரியுமா? 150 கோடி டாலருக்குப் புதுப் பங்கு விற்கப்போகிறோம் என்று அறிவித்தது. நோயாளிக் கம்பெனியின் பங்கு ஏறினால் முதலில் விற்கிறவர் அந்தக் கம்பெனியே. குறை சொல்லவில்லை, அவர்கள் இடத்தில் நானும் அதைத்தான் செய்வேன்.

இந்தியாவிலிருந்து வாங்குவதென்றால் வெளிநாட்டுக்குப் பணம் அனுப்ப ரிசர்வ் வங்கி வைத்திருக்கும் எல்ஆர்எஸ் திட்டத்தின் வழியாகத்தான், வருடத்துக்கு 2,50,000 டாலர் வரம்பு, உங்கள் தொகைக்கு அது பிரச்சினையே இல்லை. கடன் வாங்கி மார்ஜினில் வாங்க அதில் அனுமதி இல்லை, அது உங்கள் நல்லதுக்குத்தான். 24 மாதத்துக்கு மேல் வைத்திருந்தால் லாபத்தில் 12.5 சதவீத வரி, அதற்குள் விற்றால் உங்கள் வருமான அடுக்குப்படி. வருமான வரிப் படிவத்தில் வெளிநாட்டுச் சொத்து அட்டவணையை நிரப்ப மறக்காதீர்கள், 5 பங்கு இருந்தாலும் நிரப்பவேண்டும். ரூபாய் விழுவது இங்கே உங்களுக்குச் சாதகம், 2020 ஏப்ரலில் 76ஐ ஒட்டி இருந்த டாலர் 2024 இறுதியில் 85ஐத் தாண்டியது. உள்ளூரில் என்ன இருக்கிறது என்றால், சென்னையிலிருந்தும் கிளம்பிய, கார்டிலியா என்ற இந்தியக் கப்பல் கம்பெனியின் எம்ப்ரஸ் கப்பலைப் பார்த்திருப்பீர்கள். அது கொரோனா நெருக்கடியில் ராயல் கரீபியன் விற்றுக் கழித்த பழைய எம்ப்ரஸ் ஆஃப் தி சீஸ். ஒருத்தர் நஷ்டத்தில் தள்ளிவிட்டதை எடுத்து இன்னொருத்தர் தொழில் தொடங்கியிருக்கிறார், சரிவில் வாங்குவது என்பதை நிஜமாகச் செய்தவர்கள் அவர்கள்தான் என்று எனக்கு அடிக்கடி தோன்றும்.

என் காசாக இருந்தால் என்ன செய்வேன் என்றுதானே கடைசியில் கேட்பீர்கள். 5 லட்சத்தில் 4 லட்சத்தை இந்தத் துறையின் பக்கமே கொண்டுபோகமாட்டேன், குறியீட்டு ஃபண்டில் இப்போதே போட்டுவிடுவேன், சரிவுக்காகக் காத்திருக்கும் பணம் பாங்கில் தூங்குகிற செலவையும் கணக்கில் எடுக்கவேண்டும். மீதி 1 லட்சத்தை வைத்துக்கொண்டு, வந்தது முதல் வகைச் சரிவாக இருந்தால் நான்கு தவணையாக, மூன்று மாதத்துக்கு ஒரு முறை வாங்குவேன், கடன் குறைவாக உள்ள கம்பெனியில். வந்தது இரண்டாவது வகை என்றால் முதல் ஆறு மாதம் தொடமாட்டேன். அவர்கள் வாங்கவேண்டிய கடனையெல்லாம் வாங்கி, விற்கவேண்டிய பங்கையெல்லாம் விற்று முடிக்கட்டும், அப்புறம் பங்கு எண்ணிக்கையை எண்ணிப் பார்த்துவிட்டு முடிவெடுப்பேன். இதில் முதல் 39 சதவீத நாளை விட்டுவிடுவேன் என்பது தெரிந்தேதான் சொல்கிறேன். இரண்டு மடங்கு துணிச்சல் உள்ள ஒருவர் என்னைவிட அதிகம் சம்பாதிக்கவும் கூடும்.

அந்த 100 பங்கு சமாச்சாரம் உண்மைதான். மூன்று கம்பெனியும் 100 பங்கு வைத்திருப்பவர் பயணம் போனால், நாள்களைப் பொறுத்து 50 முதல் 250 டாலர் வரை கப்பலுக்குள் செலவழிக்க வரவு வைக்கும், காசாகக் கையில் வராது, விண்ணப்பித்துத்தான் வாங்கவேண்டும். 2024 இறுதி விலைக்குக் கார்னிவல் 100 பங்கு என்றால் சுமார் 2 லட்சத்துப் பத்தாயிரம் ரூபாய், ராயல் கரீபியன் 100 பங்கு 20 லட்சத்துக்குப் பக்கத்தில். நாலு நாள் பயணத்தில் 50 டாலருக்கு இரண்டு பேர் குடிக்கிற குளிர்பானமும் கொஞ்சம் இணையமும் வரும்.